தப்பு முதல் சொல்லிசை வரை: பேராக் தோட்டப்புற இளைஞரின் உடையும் இசையும்

மலேசியத் தமிழர் வரலாற்றை ஆராய்ந்தோர் தோட்டத் தொழிலாளியின் கூலியைக் கணக்கிட்டிருக்கின்றனர். அவன் வந்த கப்பலையும், அவனை அழைத்து வந்த கங்காணியையும், அவன் சேர்ந்த சங்கத்தையும், அவன் பிள்ளைகள் படித்த பள்ளியையும் பற்றி எழுதியிருக்கின்றனர். ஆனால் பால்வாளியை இறக்கி வைத்த பிறகு அவன் எதை உடுத்தினான், எந்த மேளத்தைக் கொட்டினான், எந்தப் பாட்டைப் பாடினான் என்று கேட்டால் விடை அரிதாகவே கிடைக்கிறது. கிடைக்கும் இடங்களிலும் ஒருவகைக் கூச்சம் தென்படுகிறது. பாட்டைக் கீழ்த்தரம் என்றும் உடையைக் காலித்தனம் என்றும் ஒரு வரியில் சொல்லிவிட்டு, எழுதுகோல் வேறு பக்கம் திரும்பிவிடுகிறது. அந்தக் கூச்சத்தை ஒதுக்கி வைத்து, பேராக் மாநிலத்தை, சிறப்பாக ஈப்போ நகரையும் அதனைச் சூழ்ந்த பழைய பால்மரத் தோட்டங்களையும் நடுவாகக் கொண்டு இவ்வரலாற்றைப் பார்ப்போம். தேவையான இடங்களில் அண்டை மாநிலங்களுக்கும் கடல் கடந்தும் செல்ல நேரும்.

இலக்கணம் கற்றவர்க்கு இம்முயற்சி புதியதன்று. தொல்காப்பியர் செய்யுளியலில் எண்வகை வனப்பைக் கூறுமிடத்து 'விருந்து' என்றும் 'புலன்' என்றும் இரண்டினை வைத்துள்ளார். விருந்து என்பது புதிய முறையில் யாக்கப்படுவது. புலன் என்பது மக்கள் வாழும் சேரியின் பேச்சுமொழியால் ஆகி, பொருள் தேடி அலைய வேண்டாமல் கேட்ட அளவில் விளங்குவது. தெருவின் மொழியில் பிறக்கும் புதுப்பாட்டுக்கு, நமக்குக் கிடைத்துள்ள முதல் இலக்கண நூலிலேயே இருக்கை போடப்பட்டிருக்கிறது. நிலத்துக்குரிய கருப்பொருள்களுள் பறையையும் அவர் சேர்த்தார். பின்வந்த நாம்தாம் அந்த இருக்கையில் எவரையும் அமரவிடவில்லை.

கறையும் மேளமும்

பிரேசில் நாட்டுப் பால்மரக் கன்றுகள் 1877ஆம் ஆண்டு இலண்டன் வழியே சிங்கப்பூரை அடைந்தன. அவற்றுட் சில பேராக்கின் கோலாகங்சாரில் நடப்பட்டன. அதன்பின் முப்பது ஆண்டுகளுக்குள் காடுகள் வரிசை வரிசையான மரங்களாயின. வரிசைக்கு வரிசை தமிழர் நின்றனர்.

விடியுமுன் பெரட்டு. பால்வெட்டுக்குப் போகும் பெண் சேலைக்கோ கைலிக்கோ மேலாக ஆண்கள் அணியும் முழுக்கைச் சட்டையை மாட்டித் தலையைத் துணியால் இறுகக் கட்டிக்கொள்வாள். கொசுவுக்கு வேறு காப்பில்லை. பால் தெறித்த இடம் நாளடைவில் கறுத்துக் கெட்டிப்படும். எவ்வளவு துவைத்தாலும் போகாது. எனவே தோட்டத்து மக்களிடம் இருந்தவை இரண்டே வகை உடைகள்: கறைபட்டவை, கறைபடாதவை. கறைபடாதது தகரப்பெட்டியில் கிடந்து, சம்பள நாளிலும் திருவிழாவிலும் மட்டுமே வெளியே வரும். தோட்டத்தான் பளிச்சென்ற வண்ணங்களில் மயங்குகிறான் என்று பட்டணத்தார் கேலி பேசியதுண்டு. வாரம் முழுதும் கறையோடு திரிந்தவன் ஒருநாள் மஞ்சளையும் சிவப்பையும் விரும்பினால் அதில் வியப்பென்ன?

அதே திருவிழாவில்தான் தப்பு முழங்கியது. மாரியம்மன் கரகத்துக்கும் தீமிதிக்கும் சாவுக்கும் தப்பு வேண்டும். ஆனால் அதனைக் கொட்டுவோர் இன்னாரென ஊரில் வகுத்த சாதி வழக்கம் கப்பலேறி லயத்துக்கும் வந்துவிட்டது. மேளம் இங்கு இசையாகவும் இருந்தது. ஒரு பிரிவினர் கழுத்தில் மாட்டிய கடமையாகவும் இருந்தது. இந்த இரட்டைத் தன்மையை மறந்தால் பின்வரும் வரலாறு விளங்காது.

1929 டிசம்பரில் தந்தை பெரியார் நாகம்மையாருடன் பினாங்கில் வந்திறங்கினார். அம்மாதமே, ஈப்போவில் தமிழர் சீர்திருத்தச் சங்கத்தார் கூட்டிய தமிழர் மாநாட்டை அவர் தொடங்கி வைத்தார். சாதியும் குடியும் மூடப்பழக்கமும் ஒழிய வேண்டும் என்னும் குரல் கிந்தாப் பள்ளத்தாக்கெங்கும் பரவியது. சீர்திருத்தவாதிகள் தப்பை வெறுத்ததற்கு நேர்மையான காரணம் இருந்தது. சாதியின் பெயரால் ஒருவன்மீது சுமத்தப்பட்ட கருவியை அவன் இறக்கி வைப்பதே அன்று விடுதலை. ஆனால் கருவியை இழிவுபடுத்திய சமுதாயத்தைக் கண்டிப்பதற்கும் கருவியையே இழிவாகக் கருதுவதற்கும் இடையே உள்ள கோடு மெல்லியது. அடுத்து வந்த படித்த தலைமுறை அக்கோட்டைக் கவனியாமலே தாண்டியது என்பது என் கருத்து.

உடையின் வரலாற்றிலும் மானம்தான் அடிச்சரடு. பக்கத்துச் சிலாங்கூரில் 1941ஆம் ஆண்டு நடந்த கிள்ளான் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள், துரையையோ கிராணியையோ கண்டதும் தொழிலாளி சைக்கிளைவிட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் ஒன்று. கூலி உயர்வோடு சேர்த்துக் கேட்கப்பட்டது இது! ஒருவன் பிறர்முன் எவ்வாறு தோன்றுவது என்பதைத் தானே முடிவு செய்யும் உரிமைக்கு அவன் எவ்வளவு விலை கொடுக்கத் துணிந்தான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

இரண்டே ஆண்டுகளில் அதனினும் பெரிய மாற்றம் நிகழ்ந்தது. 1943இல் சிங்கப்பூரில் நேதாஜி அமைத்த ஜான்சிராணிப் படையில் மலாயாத் தோட்டங்களைச் சேர்ந்த தமிழ்ப்பெண்கள் பலர் சேர்ந்தனர். முழங்காலுக்கு மேல் சேலை ஏறினாலே ஏச்சு வாங்கும் குடும்பத்துப் பெண், கூந்தலைக் குறைத்துக் கொண்டு, காற்சட்டையும் தொப்பியும் அணிந்து துப்பாக்கி ஏந்தி நின்றாள். 1945இல் போர் முடிந்தது; படை கலைந்தது; திரும்பி வந்தவர்களைப் பழைய சேலையும் பழைய லயமும் வரவேற்றன. இந்நாட்டுத் தமிழ்ப்பெண்ணின் உடை வரலாற்றில் இதற்கு நிகரான துணிவு முன்னும் இல்லை, பின்னும் நெடுங்காலம் இல்லை.

1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்பூட் வட்டாரத்தில் தோட்டத்துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்து அவசரகாலம் வந்தது. முள்வேலியும் ஊரடங்குமாக இருந்த இடத்தில் விடிய விடியக் கூத்தேது? பின்னர்த் தோட்டத் துண்டாடல். அதே சுங்கை சிப்பூட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைக் கண்டு, தொழிலாளர் பணத்தாலேயே தோட்டங்களை வாங்கி ஒரு பகுதியைக் காத்தார். எஞ்சியவற்றில் பால்மரம் வீழ்ந்து செம்பனை எழுந்தது. செம்பனைக்கு அத்துணைக் கைகள் தேவைப்படவில்லை. 1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றம் நொடித்து, ஈய விலை சரிந்து, கிந்தாவின் சுரங்கங்களும் மூடப்பட்டன. தோட்டமும் சுரங்கமும் ஒருசேரக் கைவிட்ட இளைஞன் நகரத்தின் ஓரத்துக்கு வந்து சேர்ந்தான்.

புந்தோங்கிலிருந்து

ஈப்போவில் தமிழர் செறிந்து வாழும் பகுதி புந்தோங். அங்குள்ள கச்சாங் பூத்தே கடைகளை அறியாத பேராக் தமிழர் இரார். வறுத்த கடலையும் முறுக்கும் பருப்பு வகைகளும் விற்கும் அவ்வணிகர் எட்டயபுரத்திலிருந்து வந்த குடும்பத்தினர். தலையில் தட்டு ஏந்தித் திரையரங்க வாசலில் விற்றவர்கள், சொந்தக் கைத்திறனையே முதலாகக் கொண்டு ஓர் ஊரறிந்த தொழிலை உருவாக்கினர். வேலை தேடி வந்த தோட்டத்து இளைஞனுக்குப் புந்தோங் காட்டிய முதற்பாடம் இதுவே: கொடுப்பார் இல்லையெனில் தொழிலை நீயே படைத்துக்கொள்.

அவன் படைத்துக்கொண்டவற்றுள் தலையாயது உறுமி மேளம். தைப்பூச நாளில் புந்தோங் மாரியம்மன் ஆலயத்திலிருந்து குனோங் சீரோ கல்லுமலை சுப்பிரமணியர் ஆலயத்துக்குச் செல்லும் காவடிகளின் முன்னே இதனைக் கேட்கலாம். உறுமியின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்க, அடிவயிற்றிலிருந்து எழும் முனகல் போன்ற ஓசை பிறக்கும், மறுமுகத்தை அடிப்பர். பம்பையும் தப்பும் உடன் சேரும். ஒருவன் பாட மற்றவர் ஏற்றுப் பாடுவர். அனைவரும் ஒரே நிறத்தில் சட்டை. முதுகில் குழுவின் பெயர்.

அச்சட்டையைச் சற்று நின்று கவனிக்க வேண்டுகிறேன். தோட்டத்தில் தப்புக் கொட்டியவனை அவன் சாதி தேர்ந்தெடுத்தது. உறுமிக் குழுவில் இளைஞன் தானாகச் சேருகிறான். தன் பணத்தைப் போட்டுச் சட்டை அச்சடிக்கிறான். தோல் வாங்கிக் கருவி கட்டுகிறான். பாட்டை ஒலிநாடாவிலும் பின்னர்க் குறுந்தட்டிலும் தானே பதிவு செய்து விற்கிறான். சுமையாக இருந்தது விருப்பமாக மாறிவிட்டது. 1929இல் ஈப்போவில் கூடியோர் விரும்பிய மாற்றங்களுள் ஒன்று, அவர்கள் எதிர்பாராத வழியில், அவர்கள் ஏற்றிருக்கவே மாட்டாத ஒரு மேளத்தின் வாயிலாக நிகழ்ந்துள்ளது. இன்று பெண்களும் உறுமி கொட்டுகின்றனர். காவடி கட்டுவோர், கருவி செய்வோர், சட்டை அச்சிடுவோர் எனச் சிறுதொழில்கள் இதனைச் சுற்றி வளர்ந்துள்ளன.

ஆலயப் பொறுப்பாளரும் சமய அமைப்பினரும் திரைப்பட மெட்டையும் சீழ்க்கையையும் பொருந்தா உடையையும் தவிர்க்குமாறு ஆண்டுதோறும் அறிவுறுத்துகின்றனர். அவர்கள் கூறுவதில் நியாயம் இல்லாமலில்லை. வழிபாட்டிடத்தில் வரம்பு வேண்டும். ஆயினும் காவடிச்சிந்தின் வரலாற்றை மாணவர் நினைவுகொள்ள வேண்டும். நடைப்பயணத்தார் கழுகுமலைக்குக் காவடியெடுத்து ஆடிச் சென்ற தெருவோசையைத்தான் 19ஆம் நூற்றாண்டில் அண்ணாமலை ரெட்டியார் ஏட்டில் ஏற்றினார். சிந்து தெருவில் பிறந்தது. புலவர் கைப்பட்ட பின்னரே நமக்கு இலக்கியமாயிற்று. அச்சிந்தைக் கையிலெடுத்து நாட்டின் விடுதலைக்குப் பாடியவர் பாரதியார், கச்சாங் பூத்தே வணிகரின் எட்டயபுரத்துக்காரர்!

முடியைப் பற்றிய சண்டையும் இக்காலத்ததே. 1970களில் சிங்கப்பூர் அரசு அலுவலகங்களில் நீண்ட முடி வைத்த ஆடவர் கடைசியாகக் கவனிக்கப்படுவர் என்று அறிவிப்பு ஒட்டப்பட்டது. இந்நாட்டில் 1992இல் நீண்ட முடி ராக் பாடகர்கள் அரசுத் தொலைக்காட்சியில் தோன்றத் தடை வந்தது. புகழ்பெற்ற மலாய்ப் பாடகர்கள் முடி வெட்டிக்கொண்டு திரும்பினர். மலாய் இளைஞனுக்கு நேர்ந்தது இதுவென்றால், கறுப்புச் சட்டையும் கையில் பச்சையுமாகத் திரிந்த தமிழ் இளைஞன் குண்டர் கும்பலைச் சேர்ந்தவனாகவே எண்ணப்பட்டான். சிலர் அவ்வாறு இருந்ததும் உண்மை. பலர் பண்டல் கடையில் பழைய சட்டையைத் தேடியெடுத்துத் தம் அளவுக்குத் தைத்துப் போட்டுக்கொண்டவர்கள் மட்டுமே.

ஆறாம் ஆண்டுக்குப் பிறகு

இந்நாட்டில் தமிழ்வழிக் கல்வி ஆறாம் ஆண்டோடு முடிகிறது. இடைநிலைப்பள்ளியில் தமிழ் ஒரு பாடமாக எஞ்சுகிறது. அதையும் எடுக்காமல் விடுவோர் உண்டு. பன்னிரண்டு வயதுக்குப்பின் ஒரு தொழிலாளியின் மகன் தமிழில் எதையேனும் எழுத வேண்டிய தேவை எங்கே வருகிறது? இவ்வினாவை மனத்தில் வைத்துக்கொண்டே ராப் என்னும் சொல்லிசையை நாம் அணுக வேண்டும்.

1973 ஆகஸ்டு 11ஆம் நாள் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், ஜமைக்காவிலிருந்து குடியேறிய கூல் ஹெர்க் என்னும் இளைஞர் தம் தங்கை நடத்திய விருந்தில் இசைத்தட்டுகளைச் சுழற்றினார். ஹிப்ஹாப்பின் பிறப்பை அந்நாளில் வைத்துக் கூறுவர். ஜமைக்காவும் தோட்ட நாடுதான். அங்கே கரும்பு, இங்கே பால்மரம். தமிழ்த் திரையில் 1994இல் 'காதலன்' படத்துப் 'பேட்டை ராப்' வந்தது. அது திரைப்படத்துக்காகச் செய்யப்பட்ட பாட்டு. தம் சொல்லைத் தாமே எழுதித் தாமே உரைக்கும் குழு வேறு. கோலாலம்பூரின் பொயட்டிக் அம்மோ 1998இல் வெளியிட்ட தொகுப்பில் ஆங்கிலத்தோடு தமிழும் மலாயும் சீனமும் ஒலித்தன. அதன் யோகி பி, ஈப்போவைச் சேர்ந்த 'நட்சத்ரா' குழுவின் டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகிய இருவரோடு இணைந்தார். மூவரும் 2006இல் வெளியிட்ட 'வல்லவன்', தமிழ்ச் சொல்லிசைத் தொகுப்புகளுள் முன்னோடியாகும்.

அத்தொகுப்பின் புகழ்மிக்க பாட்டு, 1980இல் பாரதிராசா இயக்கிய 'நிழல்கள்' படத்துக்கு வாலி எழுதி இளையராசா இசையமைத்த 'மடை திறந்து' என்னும் பாடலின்மேல் கட்டப்பட்டது. நிழல்கள் வேலையில்லா இளைஞரின் கதை. அப்பாடல் வாய்ப்புக்கு ஏங்கும் இசைக்கலைஞன் காணும் கனவு. மெட்டு இனிது என்பதனால் மட்டும் அவர்கள் அதைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள் என நான் நினைக்கவில்லை. அப்பாட்டு கடல் கடந்து தமிழகத்தில் பரவியது. 2007இல் 'பொல்லாதவன்' படத்தில் எஸ். பி. பாலசுப்பிரமணியத்தின் குரலோடு யோகி பியின் சொல்லிசை சேர்ந்தது. தமிழகத்தின் ஹிப்ஹாப் தமிழா தம் முதல் தொகுப்பை வெளியிட்டது 2012இல். தாய்நாட்டிலிருந்து நாம் பெற்றுக்கொண்டே இருந்த நிலை மாறி, இங்கிருந்து அங்கே ஒன்று சென்ற அரிய நிகழ்ச்சிகளுள் இது ஒன்று. நம் இலக்கிய வரலாற்று நூல்களில் இதற்கு ஒரு பத்தியேனும் வேண்டாமா?

யாப்பு நோக்கில் பார்ப்போர்க்கும் இதில் வேலையுண்டு. நம் செய்யுள் மரபில் மோனையும் எதுகையும் ஆட்சி செய்தன; அடியிறுதி ஒன்றும் இயைபு அருகியே பயின்றது. சொல்லிசையோ இயைபின்மேல் நிற்பது. அடிகளின் முடிவு ஒலித்தால்தான் தாளம் நிற்கும். தமிழின் வினைமுற்றும் வேற்றுமை உருபும் இறுதியில் வருவதால் இயைபு எளிதாகவே அமைந்துவிடும். அந்த எளிமையே ஆபத்து. '-கிறேன்', '-கிறேன்' என்று அடுக்கினால் சலிப்புத் தட்டும். தேர்ந்தவன் இறுதி இயைபோடு உள்ளே மோனையையும் எதுகையையும் கோக்கிறான். மூச்சுக்கு இடமின்றிச் சந்தத்தை அடுக்குகிறான். திருப்புகழை வாய்விட்டுப் படித்துப் பழகிய மாணவனுக்கு இப்பயிற்சி அயலாகத் தோன்றாது. பள்ளியில் எதுகைக்கு எடுத்துக்காட்டுக் கேட்டால் தலைகுனியும் பையன், ஐந்தடிப் பள்ளத்தருகே நண்பரோடு நின்று எதுகையோடு சொல்லடுக்கினால், அவனிடம் இல்லாதது தமிழா, அல்லது நம்மிடம் இல்லாதது காதா?

குறைகள் இல்லையென்று சொல்லேன். ழகரமும் றகரமும் படும்பாடு கொஞ்சமன்று. தற்பெருமை மிகுதி. பெண்ணைப் பற்றிய பேச்சு பல பாட்டுகளில் முகம் சுளிக்க வைக்கிறது. பெண்குரலோ மிகக் குறைவு. ஜான்சிராணிப் படையின் பேத்திகள் இத்துறையில் ஏன் ஒதுங்கி நிற்கின்றனர் என்பது தனியாக ஆராயத்தக்கது.

தோட்டத்தைவிட்டு வெளியேறிய குடும்பத்தின் கதையைத் திரையில் நேர்மையாகச் சொன்ன படம் சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்'. 2015இல் வெளிவந்து, 2016இல் 28ஆம் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியத் திரைப்பட விருது பெற்றது. 1990களின் தொடக்கத்தில் நடக்கும் அக்கதைக்கு இசையளித்தவர்களுள் ஒருவர், ஈப்போவில் இயங்கிய ஸ்பேஸ் கம்புஸ் எக்ஸ்பெரிமெண்ட் குழுவின் கமால் சப்ரான். கம்புஸ் என்னும் மலாய் நரம்புக் கருவியை மின்னொலிகளோடு கலந்து, வானொலி பக்கம் எட்டிப் பார்க்காத இசையைச் செய்தவர் அவர். தமிழ்ச் சிறுவனின் கதைக்கு மலாய்க் கலைஞரின் புறவழி இசை பொருந்தியதற்குக் காரணம் ஈப்போவேயாகும். ஈயம் போனபின் வெறுமையான கடைவீடுகளில் 2010களில் சிறுபதிப்பகங்களும் இசைக்கூடங்களும் சட்டை அச்சுக்கடைகளும் முளைத்தன. முகமது ஜெய்சுவான் தொடங்கிய 'புரோஜெக் ராபாக்' அவற்றுள் பெயர் பெற்றது. அவ்வட்டத்தில் தமிழில் எழுதுவோர் மிகச் சிலரே என்பது நம் பக்கத்துக் குறை.

2021இல் தெருக்குறள் அறிவும் தீயும் பாடி, சந்தோஷ் நாராயணன் இசையில் வெளிவந்த 'என்ஜாய் எஞ்சாமி' உலகெங்கும் கேட்கப்பட்டது. அதன் வேர், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பிய அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் நினைவுகளில் உள்ளது. பாட்டி சொன்னதைப் பேரன் கேட்டிருந்தான், அதனால் பாட்டாயிற்று. பேராக்கில் பால்வெட்டிய பாட்டிமார் இன்று புந்தோங்கிலும் சுங்கை சிப்பூட்டிலும் அடுக்குமாடி வீடுகளில் இருக்கின்றனர். ஆண்டுக்கு ஆண்டு எண்ணிக்கை குறைகிறது. உறுமிக் குழுக்களின் தொடக்ககால ஒலிநாடாக்கள் ஈரத்தில் பூஞ்சை பிடித்துவருகின்றன. சொல்லிசை எழுதிய பள்ளிக் குறிப்பேடுகள் பழைய தாள்காரனிடம் போய்விட்டன. ஒரு பள்ளி விடுமுறையில் பத்து மாணவர்கள் கைப்பேசியோடு பத்து வீடுகளுக்குச் சென்றால், லயத்தில் தாலாட்டும் ஒப்பாரியும் பாடிய குரல்களையும், தப்பின் அடிகளுக்கு முதியோர் வாயால் சொல்லும் சொற்கட்டுகளையும் பதிவு செய்துவிடலாம். எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, பாடியவர் யார், கொட்டியவர் யார் என்னும் நான்கு குறிப்புகளை மட்டும் மறவாமல் உடன் எழுதி வைக்க வேண்டும்.